மூன்று பவுண் வரியும் ஒரு தலைப்பாகையும்: நேட்டாலில் சட்டத்தரணி காந்தி

1894ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரின் குடியேற்றநாடாக இருந்த நேட்டாலின் உயர் நீதிமன்றத்தில், 24 வயதான இந்தியர் ஒருவர் சட்டத்தரணியாகப் பிரமாணம் செய்துகொண்டார். அது முடிந்ததும் பிரதம நீதியரசர் அவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். நீதிமன்றத்தின் உடை ஒழுங்கு அது. முந்தைய ஆண்டு டேர்பன் நீதவான் ஒருவர் இதையே சொன்னபோது மறுத்துவிட்டு வெளியேறியவர் அவர். இம்முறை கழற்றினார்.

சில மாதங்களின் பின் அவருடைய டேர்பன் அலுவலகத்துக்கு ஒரு தமிழ்த் தொழிலாளி வந்தார். கிழிந்த உடை. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். சட்டத்தரணி அவரைத் தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

சட்டத்தரணியின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. வந்தவர் பாலசுந்தரம்.

காந்தி என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது மகாத்மா. அதற்கு முன்னர் அவர் ஏறத்தாழ இருபது வருடங்கள் சட்டத்தரணி. ஒருவருக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி அவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் நாளிலேயே எழுந்தது. கட்ட முடியாத ஒரு வரி சுமத்தப்பட்ட ஏழைகளுக்காக யார் பேசுவது என்ற கேள்வி பின்னர் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த ஏழைகளில் பலர் தமிழர்கள்.

வன்னியில் ஒரு நீதிமன்ற வளாகத்துக்குச் செய்தி சேகரிக்கப் போகும் நாட்களில் விறாந்தையில் காத்திருப்பவர்களைப் பார்ப்பேன். உள்ளே தங்களைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதை வெளியே வந்த சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் அவர்களில் பலர் தெரிந்துகொள்கிறார்கள். இந்தக் கதையை எழுதத் தோன்றியது அங்கேதான்.

வாய் திறக்க முடியாத பரிஸ்டர்

1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த காந்தி, லண்டன் இன்னர் டெம்பிளில் படித்து 1891 ஜூன் 10ஆம் திகதி பரிஸ்டரானார். இரண்டு நாட்களில் கப்பலேறி ஊர் திரும்பினார். பம்பாயில் கிடைத்த முதல் வழக்கு மமீபாய் என்ற பெண்ணுடையது. சிறு வழக்கு, கட்டணம் 30 ரூபா. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறொரு சட்டத்தரணியைப் பிடிக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார்.

வருமானமில்லாமல் இருந்தவருக்கு 1893இல் தென்னாபிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. தாதா அப்துல்லா கம்பனிக்கு பிரிட்டோரியாவில் 40,000 பவுண் வழக்கொன்று நடந்தது. அவர்களின் வெள்ளைக்காரச் சட்டத்தரணிகளுக்குக் கணக்குகளையும் கடிதங்களையும் விளங்கப்படுத்த ஆள் தேவைப்பட்டது. ஒரு வருட வேலைக்கு 105 பவுணும் போக்குவரத்துச் செலவும் பேசப்பட்டன. பீற்றர்மரிற்ஸ்பேர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்ட சம்பவம் இந்தப் பயணத்தில்தான் நடந்தது. அதைப் பலரும் அறிவர். வழக்கைத் தீர்ப்புவரை இழுக்காமல் இரு தரப்பையும் நடுவரிடம் கொண்டுபோய் முடித்துவைத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோற்றவர் வங்குரோத்தாகாமல் தவணையில் பணம் கட்டவும் ஒழுங்கு செய்துகொடுத்தார்.

வேலை முடிந்து ஊர் திரும்பவிருந்த வேளையில், இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமூலம் நேட்டால் சட்டசபைக்கு வந்தது. வணிகர்கள் அவரை நிற்கச் சொன்னார்கள். பொதுப் பணிக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார் காந்தி. சுமார் இருபது வணிகர்கள் தங்கள் சட்ட அலுவல்களைத் தருவதாகச் சொல்லி ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். அதற்கு அவர் முதலில் நேட்டாலில் சட்டத்தரணியாகப் பதிய வேண்டியிருந்தது.

யார் பேசலாம்?

விண்ணப்பத்தை நேட்டால் சட்டத்தரணிகள் சங்கம் எதிர்த்தது. லண்டன் சான்றிதழின் மூலப்பிரதி இணைக்கப்படவில்லை என்பது வெளியில் சொன்ன காரணம். அது பம்பாய் மேல் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. உண்மையான காரணம் வேறு. சட்டத்தரணிகளைச் சேர்க்கும் விதிகளை எழுதியபோது நிறமுள்ள ஒருவர் வருவார் என்று எவரும் நினைக்கவில்லை என்று சங்கம் வாதிட்டது. நேட்டாலை வளர்த்தவர்கள் ஐரோப்பியர். சட்டத்தொழிலிலும் அவர்களே மேலோங்கி இருக்க வேண்டும். ஒருவருக்குக் கதவைத் திறந்தால் நாளடைவில் மற்றவர்கள் நிறைந்துவிடுவார்கள். அச்சம் இதுதான்.

கட்சிக்காரர் எந்தச் சமூகமாகவும் இருக்கலாம், ஆனால் அவருக்காகப் பேசும் வாய் ஒரே சமூகத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதே இந்த வாதத்தின் சாரம். சங்கத்துக்குக் குரல்கொடுக்கப் பெயர்பெற்ற சட்டத்தரணி ஒருவர் அமர்த்தப்பட்டார். காந்தியின் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தவர் சட்டமா அதிபராக இருந்த எஸ்கோம்ப். அவர் தாதா அப்துல்லாவின் சட்டத்தரணியும் ஆவார்.

நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளியது. சட்டத்தில் வெள்ளையர், நிறமுள்ளவர் என்ற பாகுபாடு எதுவும் எழுதப்படவில்லை. எனவே தகுதியுள்ளவரைத் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று பிரதம நீதியரசர் முடிவு கூறினார். தலைப்பாகை விடயம் அதற்குப் பின்னர்தான் வந்தது. தலைப்பாகையைக் கழற்றியது நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. பெரிய சண்டைகளுக்காகத் தெம்பைச் சேமித்து வைக்க வேண்டும் என்று காந்தி கருதினார்.

பாலசுந்தரம்

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் காந்தியும் வணிகர்களும் நேட்டால் இந்தியக் கொங்கிரஸை ஆரம்பித்திருந்தார்கள். மாதம் குறைந்தது ஐந்து சிலிங் சந்தா. வணிகருக்கும் எழுதுவினைஞருக்கும் அது முடியும். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. ஆகவே பேச வந்த அமைப்பிலேயே அவருக்கு இடமிருக்கவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் 1860 நவம்பரில் முதன்முதல் வந்தார்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை டேர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். இதே மாகாணத்திலிருந்து இதே காலத்தில்தான் எமது மலையகத்துக்கும் கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். இங்கே துண்டு முறையும் கடனும் கட்டிப்போட்டன. அங்கே ஐந்து வருட ஒப்பந்தம். இடையில் வேலையை விட்டு ஓடினால் அது குற்றவியல் குற்றம்.

பாலசுந்தரத்தை அடித்தவர் அவருடைய முதலாளி, டேர்பனில் பெயர்பெற்ற ஓர் ஐரோப்பியர். காந்தியின் எழுதுவினைஞர் தமிழர். அவர் மொழிபெயர்த்துத்தான் காந்திக்குக் கதை புரிந்தது. வைத்தியரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, அன்றே நீதவானிடம் கொண்டுபோனார். நீதவான் முதலாளிக்கு அழைப்பாணை பிறப்பித்தார்.

முதலாளியைத் தண்டிப்பது காந்தியின் நோக்கமல்ல. பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளியை விட்டு நீங்கும் சுதந்திரம் இல்லை. வேறொருவருக்கு ஒப்பந்தத்தை மாற்றலாம், அவ்வளவுதான். காந்தி வேறொரு ஐரோப்பியரைத் தேடிப்பிடித்து ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுத்தார். அது வெற்றிதான். ஆனால் பாலசுந்தரம் அன்றும் சுதந்திர மனிதராகவில்லை, முதலாளி மட்டும்தான் மாறினார். ஒரு நல்ல சட்டத்தரணி அன்றைய சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. தொழிலாளர்கள் அவருடைய அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களோடு பேசுவதற்காகக் காந்தி தமிழ் படிக்க ஆரம்பித்தார். போப் ஐயர் எழுதிய தமிழ்க் கைநூல் கப்பலிலும் பின்னர் சிறையிலும் அவரோடு இருந்தது. சரளமாகப் பேசும் அளவுக்கு அவருக்குத் தமிழ் கடைசிவரை வரவில்லை.

மூன்று பவுண்

ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் காய்கறி பயிரிட்டார்கள், நிலம் வாங்கினார்கள், கடை வைத்தார்கள். வெள்ளைக்கார வணிகருக்கு அது போட்டியாகியது. கூலியாக வேண்டும், குடிமகனாக வேண்டாம் என்பது நேட்டால் அரசின் நிலை. 1894இல் ஒப்பந்தம் முடிந்தும் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 25 பவுண் வரி கட்ட வேண்டும் என்று அது யோசனை வைத்தது. இந்தியாவின் வைசிராய் எல்ஜின் பிரபு 25ஐ ஏற்கவில்லை. ஆனால் 3 பவுணுக்குச் சம்மதித்தார். 1895இல் சட்டம் வந்தது. பின்னர் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொழிலாளியின் மாத வருமானம் 14 சிலிங்கைத் தாண்டுவது அரிது. 3 பவுண் என்பது 60 சிலிங், நான்கு மாத உழைப்புக்கும் அதிகம். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுண், அதாவது 240 சிலிங். பதினேழு மாதச் சம்பளத்தை ஒரு வருட வரியாகக் கட்ட வேண்டும்.

கட்டுவதற்காகப் போடப்பட்ட வரியல்ல இது. ஊருக்குத் திரும்பு, அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வை என்பதே இதன் பொருள். கட்டாதவர்கள் நீதவான் முன் நிறுத்தப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று என்ன வாதிடுவது? பணம் கட்டினாரா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. வரி நியாயமா என்று கேட்க அந்த நீதிமன்றத்தில் இடமில்லை.

மூன்று வகை வரியிறுப்பாளர்கள்

வசதி படைத்த வரியிறுப்பாளரின் நிலை வேறாக இருந்தது. பார்சி ருஸ்தம்ஜி டேர்பனின் பெரிய வணிகர், காந்தியின் நெருங்கிய நண்பர். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கு இறக்கியவர், சில வேளைகளில் சுங்கவரி கட்டாமல் கடத்தியும் வந்தார். ஒருநாள் பிடிபட்டார். கண்ணீரோடு காந்தியிடம் ஓடிவந்தார்.

வழக்காடித் தப்ப வழி தேடாமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தானே சுங்க அதிகாரியிடமும் சட்டமா அதிபரிடமும் போனார். கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டினார். கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகையின் இரண்டு மடங்கைக் கட்டி விடயம் முடிந்தது. வழக்கு நீதிமன்றத்துக்கே போகவில்லை. ருஸ்தம்ஜி முழுக் கதையையும் எழுதிச் சட்டகமிட்டுத் தன் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தார்.

நல்ல கதைதான். ஆனால் வரி ஏய்த்த வணிகருக்காகச் சட்டமா அதிபரின் கதவைத் தட்ட ஒருவர் இருந்தார். கட்ட வழியே இல்லாத தொழிலாளிக்குச் சிறைக் கதவுதான் இருந்தது.

மூன்றாவது வகையினர் அந்த மண்ணின் சொந்தக்காரர்கள். நேட்டால் அரசு குடிசை வரிக்கு மேலாக 1 பவுண் தலைவரியும் போட்டபோது 1906இல் சூலு மக்கள் கிளர்ந்தார்கள். அரசு படையை ஏவியது. 3,000க்கும் அதிகமான ஆபிரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். காந்தி அந்த வரியிறுப்பாளர்களின் பக்கம் நிற்கவில்லை. இருபது சொச்சம் இந்தியர்களைக் கொண்ட தூக்குப்படுக்கைப் படையோடு அரசுக்கு உதவப் போனார். அங்கே அவர் பராமரித்தவர்களில் பெரும்பாலானோர் சவுக்கடிபட்ட சூலு மக்களே. அவர்களுடைய புண்களைத் தொட வெள்ளைக்காரத் தாதியர் முன்வரவில்லை. அந்தக் காட்சி அவரை உலுக்கியது. ஆனாலும் தென்னாபிரிக்காவில் இருந்த காலத்தில் அவர் ஆபிரிக்கர்களைத் தாழ்வாகக் குறிப்பிட்டு எழுதியவை பதிவில் உள்ளன. இதை மறைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

கட்சிக்காரர்களே நடந்தார்கள்

இதற்கிடையில் காந்தி ஜொகன்னஸ்பேர்க்கில் பெயரும் பணமும் உள்ள சட்டத்தரணியாகியிருந்தார். இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற ட்ரான்ஸ்வால் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1908 ஜனவரியில், தான் சட்டத்தரணியாக வாதாடிய அதே நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். இரண்டு மாதச் சிறை. சில வருடங்களில் தொழிலையே விட்டுவிட்டார்.

ஆனால் 3 பவுண் வரி போராட்டக் கோரிக்கைகளில் முன்னுக்கு வர 1913 ஆனது. சட்டம் வந்து 18 வருடங்கள். வணிகர்களின் குறைகளே அதுவரை மேலே இருந்தன. 1912இல் இந்தியாவிலிருந்து கோபால கிருஷ்ண கோகலே வந்து அமைச்சர்களைச் சந்தித்தார். வரி நீக்கப்படும் என்ற உறுதியுடன் திரும்பினார். அரசு பின்னர் அந்த வாக்கை மறுத்தது. அதே காலத்தில் இந்து, முஸ்லிம் முறைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இம்முறை பெண்களும் இறங்கினார்கள்.

ட்ரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்கள், பெரும்பாலோர் தமிழர், சிலரின் இடுப்பில் குழந்தை, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளர்களிடம் வரியைப் பற்றித் தமிழில் பேசினார்கள். 1913 ஒக்டோபர் நடுப்பகுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெண்களுக்கு மூன்று மாதக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

நவம்பர் 6ஆம் திகதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 சிறுவர்கள் ட்ரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். அனுமதியின்றி எல்லை கடந்து கைதாவதுதான் நோக்கம். நான்கு நாட்களில் காந்தி மூன்று முறை கைதானார். டண்டி நீதிமன்றத்தில் அவருக்காக முன்னிலையானவர் நேட்டாலில் தொழில் செய்த இன்னொரு இந்தியச் சட்டத்தரணி. அந்த வகையில், 1894இல் திறந்த கதவு மூடப்படவில்லை. ஆனால் தண்டனையைக் குறைக்கும்படி கேட்கக் கூடாது என்று காந்தி அவரிடம் முன்பே வாக்கு வாங்கியிருந்தார். 60 பவுண் அபராதம் அல்லது ஒன்பது மாதச் சிறை என்றது நீதிமன்றம். சிறையைத் தெரிவுசெய்தார்.

தலைவர்கள் உள்ளே போன பிறகுதான் வேலைநிறுத்தம் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. பல்லாயிரக்கணக்கானோர் வேலையை விட்டார்கள். சுரங்க வளாகங்களே சிறைச்சாலைகளாக அறிவிக்கப்பட்டன. சுரங்க ஊழியர்களே சிறைக்காவலர் ஆனார்கள். அதே தொழிலாளர்கள் அதே சுரங்கத்துக்குள் கைதிகளாக இறக்கப்பட்டார்கள். தோட்டங்களில் துப்பாக்கிச்சூடு நடந்தது, தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். சிறையில் காய்ச்சல் கண்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22ஆம் திகதி உயிரிழந்தார். வயது 16.

ஆணைக்குழுவும் அதன் பிறகும்

உலகம் பார்க்கத் தொடங்கியதும் அரசு மூவர் கொண்ட விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. மூவரும் வெள்ளையர். அதில் இருவர் இந்தியருக்கு எதிரான நிலைப்பாட்டுக்காக அறியப்பட்டவர்கள். விடுதலையான காந்தி, இந்தியரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரையாவது சேர்க்கும்படி கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் ஆணைக்குழு முன் சாட்சியமளிக்கவில்லை. ஆணைக்குழுக்களை நிறையவே கண்டுவிட்ட எங்களுக்கு அந்த முடிவின் கனம் புரியும். புறக்கணித்தபோதும், வரியை நீக்க வேண்டும் என்றே ஆணைக்குழு பரிந்துரைத்தது. வீதியில் நடந்தது அதற்கு வேறு வழி விடவில்லை.

1914 ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 3 பவுண் வரி ஒழிந்தது. நிலுவைகளும் தள்ளுபடியாயின. அதே மாதம் 18ஆம் திகதி காந்தி தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். வாக்குரிமை கிடைக்கவில்லை, குடியேற்றத் தடைகள் அப்படியே இருந்தன. அடுத்த எண்பது வருடங்கள் அங்குள்ளவர்கள் போராட வேண்டியிருந்தது.

இந்தியாவில் அவருடைய வாழ்க்கையில் வரி மீண்டும் மீண்டும் வந்தது. 1930இல் உப்பு வரியை மீற தண்டிக்கு நடந்தபோது, ராஜாஜியின் தலைமையில் ஓர் அணி திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தது. யாழ்ப்பாணக் கரைக்கு எதிர்க்கரை அது. அதற்கு மூன்று வருடங்கள் முன்னர், 1927 நவம்பரில், அவர் இலங்கைக்கு வந்து மலையகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போயிருந்தார்.

1922 மார்ச்சில் அகமதாபாத்தில் அரச நிந்தனை வழக்கில் அவருக்கு ஆறு வருடச் சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிள் அவருடைய பெயரைப் பரிஸ்டர்கள் பட்டியலிலிருந்து வெட்டியது. 1988இல், அவர் சுட்டுக்கொல்லப்பட்டு நாற்பது வருடங்கள் கழித்து, பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

இன்று எங்கள் நாட்டில், வரி விடயமாகத் திணைக்களத்துக்குக் கணக்காளரை அனுப்பலாம். நீதிமன்றத்தில் சட்டத்தரணி முன்னிலையாகலாம், இல்லையேல் சம்பந்தப்பட்டவர் தானே பேசலாம். இனத்தைக் காட்டி எந்தச் சட்டத்தரணியையும் தடுக்க முடியாது. 1894இல் நேட்டாலில் வழக்காடிப் பெற வேண்டியிருந்த உரிமை அது, சிறிதல்ல. பாலசுந்தரத்துக்கு அது பயன்பட்டது. ஆனால் அடுத்த இருபது வருடங்களில் மூன்று பவுண் வரிக்காகச் சிறை போனவர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்காகப் பேச அனுமதிக்கப்பட்டவர் கடைசியில் செய்தது, தொழிலை விட்டு அவர்களோடு நடந்ததுதான். அவரையும் நடக்கவைத்தவர்கள் நியூகாசில் சுரங்க வாசலில் நின்று தமிழில் பேசிய அந்தப் பதினொரு பெண்கள். அவர்களில் எவரும் சட்டம் படித்தவரல்ல.